தலைப்பு: சும்மா (நகைச்சுவை வெண்பாப் போட்டி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு வாசகர் வட்டம் மாதம் ஒரு நகைச்சுவை வெண்பாப் போட்டி நடத்துகிறது. பாட்டுகளைச் சேகரிப்பதும், தளை (சீரோடு சீர் ஒட்டும் விதி) தட்டியவர்களிடம் திட்டு வாங்குவதும் என் பொறுப்பு. இந்த மாத அறிவிப்பு இவ்வளவுதான்: "தலைப்பு: சும்மா. வெண்பாவாக இருக்க வேண்டும், சிரிப்பு வர வேண்டும். ஒருவர் இரண்டு பாட்டு வரை தரலாம். கடைசி ஞாயிறு மாலைக்குள்."

அறிவிப்பு ஒட்டிய அன்றிலிருந்து காய்கறிக் கடையிலும், கோயில் வாசலிலும், ராத்திரி பத்து மணிக்குப் போனிலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். இனி போன் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யவும்.

அண்ணாச்சி, நோட்டீஸ்ல தலைப்பு விட்டுப்போச்சே. சும்மான்னு மட்டும்தான போட்டிருக்கு?

விட்டுப்போகவில்லை. தலைப்பே "சும்மா"தான். தலைப்பு முடிவாகும்வரை சும்மா ஒரு சொல்லைப் போட்டு வைத்திருக்கிறோம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் "பின்னர் அறிவிக்கப்படும்" என்றே எழுதிவிட்டுப் போனார். கையெழுத்து அழகாக இருந்தது. யார் என்று தெரியும், சொல்லவில்லை.

சரி, சும்மான்னா எந்தச் சும்மா?

எந்தச் சும்மாவும். இதற்கு விடை தேடிப் போன வாரம் ஒரு காலை, டீக்கடை பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மாஸ்டர் ஒருவரிடம், "சும்மா உக்காராதியும், அந்தப் பேப்பரை மடிச்சு வையும்" என்றார். இது வேலையில்லாத சும்மா. பேப்பர்க்காரர், "சும்மா சும்மா வெலைய ஏத்துதான்" என்றார். ஒரு சும்மாவுக்குக் காரணமில்லாமல் என்று பொருள், இரண்டு சேர்ந்தால் ஓயாமல் என்றும் ஆகிவிடுகிறது. "சும்மாவா குடுக்கான்?" என்றால் இலவசம். "சும்மா சொன்னேம்ல" என்றால் விளையாட்டு. "சும்மா சொல்லக் கூடாது, வடை நல்லாருக்கு" என்னும்போது அதே சொல் பொய் என்று பொருள்பட்டது. அழுத பிள்ளையிடம் தாய் "சும்மா இரு" என்றாள், அது வாயை மூடு. "சும்மா கும்முன்னு இருக்கு" என்றான் ஒரு பையன். அங்கே அதற்குப் பொருளே கிடையாது, வேகம் மட்டும்தான்.

இவற்றில் எதை எடுத்தாலும் சரி. என்னைக் கேட்டால், இரண்டை எடுத்து ஒன்றோடொன்று மோதவிடுபவருக்குத்தான் சிரிப்பு சிக்கும்.

"சும்மா இரு"ன்னா முருகன் சொன்னதுல்லா? அப்ப சாமி பாட்டு எழுதணுங்கியளா?

எழுதலாம், கட்டாயம் இல்லை. கந்தர் அனுபூதியில் அருணகிரிநாதர் "சும்மா இரு சொல்லற" என்று முருகன் தனக்கு உபதேசித்ததாகப் பாடுகிறார். பேச்சும் எண்ணமும் ஓய்ந்த நிலை அது. திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டாத ஆளை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

தாயுமானவர் இன்னும் ஒரு படி மேலே போவார். மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம், நீர்மேல் நடக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று முடிப்பார். பொருள் ஞானம். ஆனால் சர்க்கஸ் போல ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் பொத்தென்று போடுகிற அந்த அமைப்பு இருக்கிறதே, அது நகைச்சுவைப் பாட்டுக்கு அப்படியே பொருந்தும். அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பக்திப் பாட்டாக அனுப்பினால் கும்பிட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடுவேன்.

லேசான பாட்டுங்கிய, அப்புறம் வெண்பாங்கிய. வெண்பா லேசாவே?

பொருள் லேசாக இருக்க வேண்டும், கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தச் சரக்கு. கட்டு தளர்ந்தால் அது வெறும் கிண்டல் ஆகிவிடும்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரிடம், "செருப்பு" என்று தொடங்கி "விளக்குமாறு" என்று முடியும்படி முருகன்மேல் வெண்பா பாடச் சொன்னார்களாம். அதைவிடவா நம் தலைப்பு குழப்பம்? அவர் "செருப்புக்கு வீரர்" என்று எடுத்தார். செரு என்றால் போர், புக்கு என்றால் புகுந்து. போரில் புகுந்த வீரர் என்று ஆயிற்று. முடிவில் வண்டைக் கூப்பிட்டு, "விளக்குமாறு" என்பதை விளக்குகிற விதம் என்று திருப்பிவிட்டார். இழிவாகத் தெரிந்த இரண்டு சொல்லும் முருகனுக்கு மாலையாகிவிட்டன. தலைப்பைப் பார்த்து மிரளாமல் அதன் மூட்டு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவருக்குத்தான் வழி கிடைக்கும்.

எனக்கு வெண்பா இலக்கணமே தெரியாது. புதுக்கவிதையா அனுப்பட்டா?

வேண்டாம். தேவையான இலக்கணம் ஒரு டீ ஆறும் நேரத்தில் வந்துவிடும். தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்றோடு வந்தாலும் வராவிட்டாலும், நேர். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை. இவை இரண்டும் அசை, அசைகள் சேர்ந்தால் சீர். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இவற்றின் பின்னால் ஒரு நேர் சேர்ந்தால் காய். பின்னால் நிரை சேர்ந்தால் கனி, வெண்பாவில் கனி வரவே கூடாது.

அடுத்த சீரோடு ஒட்டும் விதி மூன்றே சொற்றொடர்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் (இங்கே "முன்" என்றால் அடுத்து). கடைசி அடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. இரண்டு அடியில் முடித்தால் குறள் வெண்பா, நான்கு அடியில், இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல்லோடு வந்தால் நேரிசை. எங்கள் போட்டிக்கு இந்த இரண்டு வகை போதும். நாலடிக்கு மேல் நீளும் பஃறொடை எழுதி என் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்காதீர்கள்.

ஒரு மாதிரி காட்டுங்களேன், அதப் பாத்து எழுதிக்கிடுதோம்.

பார்த்து எழுதுவதில்தான் வில்லங்கம். போன மாதம் நான் காட்டிய மாதிரியே ஒன்பது பாட்டாகத் திரும்பி வந்தது. சரி, கட்டு தெரிவதற்காக ஒன்று. உண்மையில் எனக்கு வந்த போன்தான்:

சும்மாதான் கூப்பிட்டேன் சொல்லப்பா என்றவர்
இம்மாதம் கொஞ்சம் இழுபறி – அம்மாடி
பத்தா யிரங்கேட்டார் பாவமவர் நான்கேட்டேன்
மொத்தமும் சும்மாவா என்று.

முதல் சும்மா நோக்கம் இல்லை என்கிறது, கடைசிச் சும்மா இலவசமா என்று கேட்கிறது. எந்தச் சும்மா என்ற கேள்விக்குப் பதிலில் மோதவிடச் சொன்னேனே, அது இதுதான். "பத்தாயிரம்" என்று ஒரே சீராக வைத்தால் நேர் நேர் நிரை, கனி. அதனால்தான் "பத்தா யிரங்கேட்டார்" என்று வெட்டியிருக்கிறது. இதற்கு வகையுளி என்று பெயர். ஊறுகாயில் உப்புப் போல அளவாகப் போட்டால் சரி.

சும்மாங்கிற சொல்லு பாட்டுக்குள்ள வந்தே ஆகணுமா? சும்மா இருக்கவரப் பத்தி எழுதினாப் பத்தாதா?

வந்தே ஆக வேண்டும், ஒரு முறையாவது. ஓய்வு பெற்ற மாமாவின் சாய்வு நாற்காலியைப் பற்றி ஒரு நல்ல வெண்பா வந்தது. நாற்காலியின் பிரம்பு மாமாவின் முதுகில் கோலம் போட்டிருக்கிறது என்று முடித்திருந்தார் அந்தப் பெண். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் தலைப்பு சோம்பல் இல்லை, "சும்மா" என்ற சொல். திருப்பிக் கேட்டேன், அடுத்த நாளே சொல்லைச் சேர்த்துக் கொண்டுவந்தார். பாட்டு முன்பைவிடச் சற்று மட்டமாகிவிட்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெறுந் தாளக் குடுத்துட்டு "இதான் சும்மா"ன்னா ஒத்துக்கிடுவியளா?

இதுவரை இரண்டு வெறுந்தாள் வந்துவிட்டது. முதல் தாளுக்குச் சிரித்தேன். இரண்டாவதன் பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருந்தது. இரண்டிலும் தளை தட்டவில்லை என்பது உண்மை, ஆனால் சீரே இல்லையே.

என் பாட்டு "வந்ததெல்லாம் சும்மா"ன்னு முடியுது. நல்லாத்தான இருக்கு, ஏன் தள்ளுனீங்க?

ஏறக்குறைய எல்லாரும் விழுந்த பள்ளம் இதுதான். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்ப்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். தனி நேர், தனி நிரை, இல்லையென்றால் இவற்றோடு ஓர் உகரம். சும்மா என்பது நேர் நேர், முடிவதோ நெடில் ஆகாரத்தில். தலைப்பாக வந்த சொல்லே வெண்பாவின் வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கிறது! வேடிக்கை என்னவென்றால், தலைப்பை ஒட்டும்போது எனக்கும் இது தோன்றவில்லை.

தீர்வு எளிது. சும்மாவை ஈற்றயல் சீருக்கு, அதாவது கடைசிக்கு முந்தைய சீருக்குத் தள்ளிவிட்டு, பின்னால் ஒரு நிரை போடுங்கள்: "சும்மா விடு", "சும்மா இரு", "சும்மா எனல்". ஒருவர் விடாப்பிடியாகச் "சும்மு" என்று மாற்றி முடித்திருந்தார். வாதத்துக்கு அதைக் காசுக் கணக்கில் சேர்த்தாலும், தமிழில் அது செல்லாக்காசு.

நடுவுல வச்சாலும் தளை தட்டுதுன்னு சொல்லுதிய. "சும்மா வந்தேன்"ல என்ன தப்பு?

பேச்சில் தப்பில்லை. சும்மா தேமா, அதற்குப் பின் நிரை வர வேண்டும். வந், சொன், கேட் எல்லாம் நேரில் தொடங்குகின்றன. ஆகவே "சும்மா வந்தேன்", "சும்மா சொன்னேன்", "சும்மா கேட்டேன்" என்று நாம் ஓயாமல் சொல்கிற மூன்றுமே வெண்பாவுக்கு ஆகாது. "சோழியன் குடுமி சும்மா ஆடுமா" என்ற பழமொழியை அப்படியே தூக்கி வைத்தவர்களுக்கும் இதே கதிதான்.

கை கொடுப்பது "தான்". "சும்மாதான் வந்தேன்" என்றால் சும்மாதான் காய்ச்சீர் ஆகிவிடும், காய்முன் நேர் சரி. கவனித்துப் பாருங்கள், ஏதோ வேலையாக வந்தவர்தான் "சும்மாதான் வந்தேன்" என்று அந்தத் "தான்" போட்டுச் சொல்வார். இலக்கணத்துக்கும் குசும்புக்கும் ஒரே அசை உதவுகிறது.

மறுபக்கம், "சும்மாயிரு" என்று சேர்த்து ஒரே சீராக்கினால் நேர் நேர் நிரை, கனி. பிரித்துச் "சும்மா இரு" என்று இரு சீராக வையுங்கள், சரியாகிவிடும்.

சும்மாவுக்கு எதுகையே கெடைக்க மாட்டேங்கு. அம்மாவ விட்டா வேற என்ன இருக்கு?

வந்த பாட்டுகளில் முக்கால்வாசியில் அம்மா திட்டுகிறாள். பாவம், அவளும் எத்தனை பாட்டில்தான் திட்டுவாள்! எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும், முதல் எழுத்தின் அளவு ஒத்திருந்தால் சரி. "ம்மா" முழுதும் வர வேண்டியதில்லை. தம்பி, கம்மல், நம்பர், வம்பு, பம்பு, கும்மி எல்லாம் செல்லும். "பம்பு" என்ற சொல்லை வைத்து, தண்ணீர் வராமல் சும்மா ஓடுகிற மோட்டாரைப் பாடியவர் ஒருவர் உண்டு. முடிவு வரும்வரை அதைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது.

சும்மாடு வச்சு எழுதலாமா? அதுலயும் சும்மா இருக்குல்லா?

இதைக் கேட்டவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். சும்மாடு என்றால் தலையில் சுமை வைக்கும் முன் துணியைச் சுருட்டி வைப்போமே, அது. சும்மாவுக்கு நேர் எதிர்ச் சொல் என்றே சொல்லலாம், சும்மா இருப்பவன் தலையில் அது ஏறாது. சொல்லைப் பிரித்து வேறு பொருள் காட்டுவது எங்கள் பக்கத்தில் பெருமைக்குரிய வித்தை. எட்டயபுரத்தில் "பாரதி சின்னப் பயல்" என்று ஈற்றடி கொடுத்துச் சிறுவன் பாரதியை மட்டம் தட்டப் பார்த்த காந்திமதிநாதனை, "காந்திமதி நாதனைப் பார் அதி சின்னப் பயல்" என்று பிரித்து அவன் திருப்பியடித்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே தாராளமாக எழுதலாம். அவர் தந்தது:

சும்மாடு கட்டியவர் சும்மாதான் நிற்கின்றார்
சும்மா டிலார்க்கே சுமை.

ஏழே சீர். இரண்டாம் அடியில் வகையுளி விழுந்த இடத்தில் "சும்மா" தனிச் சீராகத் துண்டாகி நிற்பதைப் பாருங்கள். காளமேகத்தைப் பற்றிச் சொல்லும்போது மூட்டு என்றேனே, அது இங்கே இருக்கிறது. தளையை நான் சொல்லிக் கொடுத்தேன், பிரித்தது அவர்தான்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது தமிழாசிரியர் ஒருவர் இன்னொன்றை எடுத்துப் போட்டார். தொல்காப்பியத்தில் "சும்மை" என்று ஒரு சொல் வருகிறது. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவத்தைக் குறிக்கும் என்கிறது உரியியல். அரவம் என்றால் இரைச்சல். ஓர் எழுத்து மாறினால் வாயை மூடு என்பது இரைச்சலாகிவிடுகிறது! சும்மாவும் சும்மையும் உறவா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. பாட்டுக்கு ஆகும், எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸப்புல சும்மாவுக்கு இத்தன அர்த்தம்னு ஒண்ணு சுத்துதே, அத வெண்பாவாக்கித் தரட்டா?

தராதீர்கள். வந்தவற்றில் பதினொன்று அதே பட்டியல்தான். டீக்கடையில் நான் பொறுக்கியதும் பட்டியல்தானே என்று ஒருவர் மடக்கினார். ஆமாம், ஆனால் அதை நான் பாட்டு என்று சொல்லவில்லையே. பட்டியலில் ஒரு சும்மாவை எடுத்து, அதைச் சொன்ன ஆளையும் நேரத்தையும் காட்டுங்கள்.

கம்ப்யூட்டர்ல தளை பாக்கலாமாமே? பாட்டையே அதுல எழுதி வாங்குனா?

தளை பார்க்கலாம். அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இணையத்தில் இருக்கிறது, அசை பிரித்து, சீர் சொல்லி, தளையும் காட்டும். எனக்குப் பாட்டு அனுப்புமுன் அதில் போட்டுப் பார்த்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். சிரிப்பு வருகிறதா என்று அது சொல்லாது. அதற்கு வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

பாட்டையே எந்திரத்திடம் எழுதி வாங்கிய இரண்டு வந்தன. இரண்டிலும் நாலு இடத்தில் தளை தட்டியது, இரண்டுமே "சும்மா" என்று முடிந்தன. அந்தப் பள்ளத்தில் மனிதன்தான் விழுவான் என்று நினைத்திருந்தேன்.

உண்மையச் சொல்லுங்க அண்ணாச்சி, இந்தத் தலைப்பு எப்படி வந்துச்சு?

போன கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். நோட்டீஸ் எழுதும் தம்பி, "அடுத்த தலைப்பு என்ன?" என்று கேட்டான். எனக்குப் பஸ் அவசரம். "சும்மா எதையாவது போடு" என்றேன். அவன் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. மறுநாள் நூலகச் சுவரில் பார்த்தபோது கிழிக்கத்தான் போனேன். அதற்குள் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று, இது ஞானமா சோம்பேறித்தனமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டேன். முதல் கேள்வி கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவருக்கு வந்த சந்தேகம் முழுத் தப்பில்லை.

மொதப் பரிசு அல்வான்னு கேள்விப்பட்டேன். நெசமாவே அல்வாவா, இல்ல அல்வா குடுத்துருவியளா?

நிஜ அல்வா. அரைக் கிலோ, சூடாக வாங்கி, நெய் ஒழுக ஒழுகத் தருவோம். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆகவே பரிசு சும்மாதான். போன மாதம் ஜெயித்தவரும் இதையே கேட்டுவிட்டு, நம்பாமல் வராமலே இருந்துவிட்டார். மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் காலையில் நானே தின்றுவிட்டேன்.